தோட்டத்துப் பிள்ளையின் உபகாரச் சம்பளம்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையாக நீண்டு கிடக்கும் செபராங் பிறையின் தென்பகுதியில், சிம்பாங் அம்பாட்டைக் கடந்து ஜாவிக்கும் நிபோங் திபாலுக்கும் போகிற பழைய நெடுஞ்சாலையின் மேல், சுங்கை பாக்காப் என்னும் சிறு பட்டணம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீ லாய் ஹுவாட் என்ற தியோச்சூ சீனர் கரும்புத் தோட்டம் வைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டி எழுப்பிய ஊர் இது. அவருடைய குடும்பத்தாரின் பழைய மாளிகை இன்றும் நிற்பதால், இவ்வூரின் சரித்திரம் பேசுவோர் பெரும்பாலும் அந்த வீட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் சொல்லப் புகுவது அந்த மாளிகையின் கதையன்று. பைராம், வால்டோர், சங்காட், ஜாவி, பத்து காவான் என்று சுற்றுவட்டாரத்தில் பரந்து கிடந்த தீம்பார் என்னும் பெருந்தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளையின் படிப்புக்கென்று சர்க்கார் ஒதுக்கிய பணம், யார் யார் கை வழியாக, என்னென்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு, எத்தனை தலைமுறை கழித்து அந்தப் பிள்ளையை வந்து அடைந்தது என்பதே என் விஷயம்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் கெடா சுல்தானிடமிருந்து 1800-ம் ஆண்டில் இக்கரையைப் பெற்று வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயரிட்ட காலம் முதலாக, சதுப்பு நிலத்தை வெட்டித் திருத்திக் கரும்பு பயிரிடும் முயற்சி இங்கே வளர்ந்து வந்தது. முதலில் சீனரும், 1840-களுக்குப் பின் ஐரோப்பியரும் ஆலை வைத்தார்கள். ஆலைக்கும் வயலுக்கும் வேண்டிய ஆட்கள் நாகப்பட்டினத் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நகரக் கூடாது என்ற கட்டு 1910-ல் ஒப்பந்த முறை ஒழியும்வரை அவர்கள் தலைமேல் இருந்தது. அந்தக் காலத்தில் கூலிக்காரன் பிள்ளைக்குக் கல்வி என்ற பேச்சே எழவில்லை என்று சொன்னால் அது மிகையாகாது.

இத்தனைக்கும் தமிழ் கற்பிக்கும் ஏற்பாடு இந்தக் கடற்கரைக்குப் புதிதன்று. பாதிரியார் ஹட்சிங்ஸ் 1816-ல் பினாங்கு நகரத்தில் ஸ்தாபித்த பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலே தமிழ் வகுப்பு ஒன்றும் இருந்தது. மலேசியத் தமிழ்க் கல்வியின் ஆண்டுக் கணக்கை அந்த வகுப்பிலிருந்தே தொடங்குவது இந்நாட்டார் வழக்கம். அதே பள்ளியின் ஆங்கில மாணாக்கர்கள் பிற்காலத்தில் மகாராணியின் பெயரால் வழங்கிய உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். 1885-ல் செசில் கிளமென்டி ஸ்மித்தின் முயற்சியால் ஏற்பட்ட அந்தப் பரிசு, ஜலசந்திக் குடியேற்றங்கள் முழுவதிலும் ஆண்டுக்கு ஓரிருவருக்கே கிடைத்தது. பினாங்கிலிருந்து 1896-ல் அதை வென்றவர் பிற்காலத்தில் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கி உலகப் புகழ் பெற்ற டாக்டர் ஊ லியன் டே. சர்க்கார் ஒரு மாணவனின் கல்விச் செலவை முழுமையாக ஏற்றுக்கொள்ள முடியும் என்பதை அந்த ஏற்பாடு காட்டியது. ஆயினும் அந்த வாசலுக்குப் போக ஆங்கிலப் பள்ளி வேண்டும், நகரத்தில் வாசம் வேண்டும். நடுவே ஒரு கால்வாய்தான் என்றாலும், கரும்புக் காட்டுப் பிள்ளைக்கு அது சமுத்திரமாகவே இருந்தது.

தோட்டத்துக்குள் பள்ளி வந்தது சட்டத்தின் வற்புறுத்தலால். கரும்பு வீழ்ந்து ரப்பர் தலையெடுத்த சமயத்தில், ஏழு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் முதலாளியே பள்ளிக்கூடம் வைத்துத் தர வேண்டும் என்று மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. 1923-ம் ஆண்டுச் சட்டம் இதை உறுதியாக்கியது. எப்படிப்பட்ட கட்டடம், எப்படிப்பட்ட ஆசிரியர் என்று கேட்பார் இல்லாமையால், பல தோட்டங்களில் ஆயாக்கொட்டகையின் ஒரு மூலையே வித்தியாசாலை ஆயிற்று. கங்காணியோ, கிராணியோ, கோவில் பண்டாரமோ ஆசிரியர் ஆனார். இவர்களைப் பழிப்பதற்கு எனக்கு மனமில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு, மிஞ்சிய பொழுதில் மணலில் அகரம் எழுதச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள்.

இந்தப் பள்ளிகளுக்குச் சர்க்கார் கொடுத்த மானியம் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1862-ல் ஒரு முறை ஏற்பட்டிருந்தது: பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கு வந்தான், இன்ஸ்பெக்டர் வந்து கேட்டபோது வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறினானா என்று பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம் தருவது. இங்கிலாந்தே அந்த முறையைக் கைவிட்ட பின்னரும், அதன் சாயல் குடியேற்ற நாடுகளில் நெடுங்காலம் தங்கியிருந்தது. தோட்டப் பள்ளிக்குரிய மானியமும் வருகைப் பதிவையும் வருஷப் பரீட்சையையும் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. பணம் போய்ச் சேர்ந்த இடமோ தோட்டத் துரையின் ஆபீஸ்.

ஆகவே தோட்டத்தில் ஒரு பிள்ளையின் பெயர் இரண்டு புத்தகங்களில் ஏறக் கூடியதாக இருந்தது. ஒன்று, கிராணியின் மேஜைமேல் இருந்த கூலிக் கணக்குப் புத்தகமான செக்ரோல். மற்றொன்று, பள்ளியின் வருகைப் பதிவேடு. செக்ரோலில் பெயர் ஏறினால், புல் வெட்டியதற்கோ ஒட்டுப்பால் பொறுக்கியதற்கோ சில காசு சம்பள நாளில் வீட்டுக்கு வரும். பதிவேட்டில் ஏறினால் வரும் பணம் தோட்டத்துக்குப் போகும். 1920-களின் இறுதியில் வெல்லெஸ்லி மாகாணம் போன்ற ஜில்லாக்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று தரக்கூலி நிர்ணயமாகியிருந்தது. 1930-ல் ரப்பர் விலை சரிந்தபோது அதுவும் 40-ஆகவும் 32-ஆகவும் குறைந்தது. அந்த வருமானத்தில் சீவிக்கும் தகப்பன், பத்து வயதுப் பிள்ளையை எந்தப் புத்தகத்தில் ஏற்றுவான் என்பதை யோசித்துப் பார்க்க அதிக நேரம் வேண்டியதில்லை. தோட்டத்துத் தமிழனுக்குக் கல்வியில் சிரத்தை கிடையாது என்று எழுதிவைத்துப் போன அதிகாரிகளும், அதையே இன்றும் திருப்பிச் சொல்லும் நம்மவர்களும், இந்த இரண்டு புத்தகங்களையும் ஒருசேர விரித்து வைத்துப் பார்த்ததில்லை என்பது என் அபிப்பிராயம். படிப்புக்கான உதவி படிக்கிற பிள்ளையின் வீட்டுக்கு வந்திருந்தால், நான்காம் வகுப்போடு நின்றுபோன பிள்ளைகளில் பாதிப் பேராவது மேலே போயிருப்பார்கள் என்று நான் திடமாக நம்புகிறேன்.

பொருளாதார மந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும், ஜப்பானியர் ஆட்சியில் பள்ளிகள் சீர்குலைந்ததும் பிறர் விரிவாக எழுதிய விஷயங்கள். யுத்தத்துக்குப் பின் 1951-ல் பார்ன்ஸ் அறிக்கை, 1956-ல் ரசாக் அறிக்கை, 1957-ல் புதிய கல்விச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்த மாறுதல்களால், தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்குச் சர்க்கார் சம்பளம் உறுதியாயிற்று. 1962 முதல் ஆரம்பக் கல்விக்குக் கட்டணமும் இல்லாமற் போயிற்று. ஆனால் பள்ளி நிற்கும் மண் தோட்டக் கம்பெனிக்குச் சொந்தமாகவே இருந்தபடியால், தோட்டப் பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள் என்ற இனத்தில் வைக்கப்பட்டன. ஆசிரியர் சர்க்காருடையவர், கூரை துரையுடையது என்ற இந்த ஏற்பாட்டின் பலனைக் கடைசியில் சொல்கிறேன்.

சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தலைப்பட்டபோது, வேலையும் வீடும் ஒருங்கே போய்விடுமே என்று தொழிலாளர் கலங்கினார்கள். அப்போதுதான் 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்றுக்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டிய கைகள் சேர்த்த அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டதை எல்லாரும் அறிவார்கள். அங்கத்தினரின் பிள்ளைகளுக்கு அச்சங்கம் உபகாரச் சம்பளமும் வழங்கிவந்தது என்பதை இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டும். சர்க்கார் கணக்கில் விடுபட்ட பிள்ளைக்கு, தன் தகப்பனின் கூலியிலிருந்து பிடித்த பத்து வெள்ளி திரும்பி வந்து கைகொடுத்தது. முதலாளிகளிடம் வரி வாங்கி இந்தியாவிலிருந்து ஆள் வரவழைப்பதற்காக 1907-ல் தொடங்கிய நிதியோ, 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டு, முதியோர் விடுதியும் தொழிலாளர் பிள்ளைகளின் கல்வியும் அதன் நோக்கங்களாகக் குறிக்கப்பட்டன. 1999-ல் அது கலைக்கப்பட்டு அதன் சொத்துகள் சர்க்காரைச் சேர்ந்தன. இப்படியொரு நிதி இருந்ததே பல தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தெரியாது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

எழுபதுகளில் உதவி பண்டமாக வந்தது. பாடநூல் இரவல் திட்டம் 1975-ல் தொடங்கிற்று. கூடுதல் உணவுத் திட்டம் 1979-ல் வந்தது. இரவல் புத்தகத்தைத் திறந்தால் உள்ளட்டையில் ஒரு முத்திரை இருக்கும். அதில் ஆண்டும் வகுப்பும் பெயரும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் அதே கணக்கோடு மல்லாடிய அடுத்த லயத்துப் பிள்ளையின் பெயரைப் படித்துவிட்டு, அதன்கீழ்த் தன் பெயரை எழுதிக்கொள்வான் மாணவன். ஆண்டு முடிவில் அட்டை கிழியாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதற்காகத் தாய்மார் பழைய நாட்காட்டித் தாளால் அட்டை போட்டுத் தந்தார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் வருமான வரம்புக்கு உட்பட்டோர்க்கு மட்டும் என்று இருந்தமையால், தகப்பனுக்கு மாதம் எவ்வளவு கிடைக்கிறது என்று தோட்ட ஆபீஸிலிருந்து அத்தாட்சி வாங்கி வர வேண்டியிருந்தது. மழை பெய்யாத மாதத்தில் கூலி நாட்கள் கூடும். அந்த மாதச் சீட்டைக் கிராணி எழுதிக் கொடுத்துவிட்டால், வரம்புக்கு மேலே ஐந்து வெள்ளி போய்விடும். நிறைய மழை பெய்த மாதத்துச் சீட்டைக் கேட்டு வாங்கத் தெரிந்த குடும்பத்துக்குப் புத்தகம் கிடைத்தது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி, இரவல் புத்தகக்காரர் யார் யார் என்று எண்ணப்பட்ட சிறுவனின் கூச்சத்தை எந்த அறிக்கையும் பதிவு செய்யவில்லை. 2008-ல் வருமான வேற்றுமையின்றி எல்லா மாணவருக்கும் அந்தப் புத்தகங்கள் என்று ஆயிற்று. அந்த ஒரு தீர்மானத்தை, பெருந்தொகை ஒதுக்கிய பல தீர்மானங்களைக் காட்டிலும் நான் மேலாக மதிக்கிறேன்.

ரொக்கம் நேராகப் பெற்றோர் கைக்கு வந்தது அதற்கும் பின்னர்தான். ஏழை மாணவர் அறநிதி 2003-ல் ஏற்பட்டது. 2012-ம் ஆண்டுத் தொடக்கத்தில், முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரையுள்ள மாணவர் ஒவ்வொருவருக்கும் நூறு ரிங்கிட் வழங்கப்பட்டது. அந்த நாளின் காட்சியை இவ்வட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளில் கண்டோர் மறக்க மாட்டார்கள். மண்டபத்தில் நீள மேஜை, வகுப்புவாரியாகப் பெயர்ப்பட்டியல், அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நிற்கும் தாய்மார், பால்வெட்டு முடித்து உடை மாற்ற நேரமில்லாமல் வந்தவர்களும், பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை முடித்து உறங்காமல் வந்தவர்களும் அவர்களில் உண்டு. கையெழுத்துப் போட வராத பாட்டி கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்திப் பட்டியலில் பதித்துவிட்டு, உறையை வாங்கி, அங்கேயே பிரித்து எண்ணி, முந்தானையில் முடிந்து கொண்டாள். ஆறு பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வீட்டுக்கு அன்றைக்கு அறுநூறு ரிங்கிட். மேடையில் பிரமுகர்கள் பேசினார்கள். பேச்சு முடியும்வரை உறை கொடுக்கப்படாத இடங்களும் இருந்தன. அதை நான் ஒப்பவில்லை. சட்டப்படி பிள்ளைக்கு உரிய பணத்தைக் கொடுப்பதற்கு மாலையும் கைத்தட்டலும் வேண்டியதில்லை.

இடையிலே சில ஆண்டுகள் மாத வருமானம் 3,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் என்று இந்த உதவி சுருங்கியது. பழையபடி சம்பளச் சீட்டுகளும் அத்தாட்சிகளும் திரும்பி வந்தன. 2023-ல் எல்லா மாணவருக்கும் 150 ரிங்கிட் என்று மறுபடி விரிந்தது. இப்போது பல பெற்றோருக்கு வங்கிக் கணக்கிலேயே பணம் ஏறிவிடுகிறது. கடல் கடந்து தமிழ்நாட்டிலும் இதே திசையில்தான் காரியம் நடக்கிறது: சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோது, பணம் மாணவியின் கணக்கில் நேராகச் செலுத்தப்படும் என்பதே அதன் விசேஷமாக இருந்தது. பள்ளி நிர்வாகி, ஜில்லா ஆபீஸ், தகப்பன் ஆகிய மூன்று கைகளையும் தாண்டி, படிக்கிற பெண்ணின் பெயரிலேயே பணம் வருவது, நம் சமூகத்தில் சிறு காரியமன்று.

மேல்படிப்புக்கு வரும்போது உதவி கடனாக உருமாறுகிறது. தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது ஊரார் வாயில் பிடிபிடிஎன், 1997-ம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து அவ்வாண்டு நவம்பரில் வேலை தொடங்கியது. கடன் தொகை பருவத்துக்குப் பருவம் விடுவிக்கப்படும். கல்விக் கட்டணம் முதலில் பல்கலைக்கழகத்துக்கோ கல்லூரிக்கோ போக, மிஞ்சியதுதான் மாணவனின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். முன்பு மூன்று விழுக்காடாக இருந்த நிர்வாகக் கட்டணம் பிற்பாடு ஒரு விழுக்காடாகக் குறைந்தது. முதல் வகுப்பில் தேறியோர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்ப வேண்டியதில்லை என்ற சலுகையும் உண்டு. சுங்கை பாக்காப்பிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால், கிரியான் ஆற்றுக்கு அப்பால் உள்ள டிரான்ஸ்கிரியானில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் நடக்கிறது. தோட்டங்களின் நடுவே எழுந்த அந்த வளாகத்தில், அதே தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று மின்னியலும் கட்டடவியலும் படிக்கிறார்கள். வகுப்பு தொடங்கிய நாளுக்கும் முதல் தவணைக் கடன் கணக்கில் ஏறும் நாளுக்கும் இடையே உள்ள வாரங்களைத்தான் அவர்கள் பயத்தோடு எதிர்நோக்குகிறார்கள். அந்த வாரங்களில் தாயின் தாலிச் சங்கிலி அடகுக்கடைக்குப் போய், கடன் தொகை வந்ததும் மீண்டு வருவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தொகை எவ்வளவு என்பதைப் போலவே, அது என்றைக்கு வரும் என்பதும் ஏழை வீட்டுக்கு முக்கியம். இதை நிதி வழங்குவோர் இன்னும் போதுமான அளவு உணரவில்லை.

இவ்வளவும் பிரஜையாகப் பதிவான பிள்ளைக்கு. தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே வளர்ந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டுவிட்ட குடும்பங்கள் இந்த ஜில்லாவிலும் உண்டு. அறுபதுகளின் இறுதியில் பிரஜாவுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்தபோது பல்லாயிரம் பேர் கப்பலேறிப் போனார்கள். தங்கிவிட்டவர்களில் சிலர் பிரஜையல்லாதோர்க்குரிய சிவப்பு அடையாள அட்டையோடே கிழவர்களானார்கள். பத்திரமில்லாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கும் பத்திரம் இல்லாமற் போகும். பத்திரம் இல்லாவிடில் உதவித்தொகைப் பாரத்தில் எண் இல்லை. எண் இல்லாத பெயருக்குப் பணம் இல்லை. 2011-ல் மைடஃப்தார் என்ற பெயரில் சர்க்கார் நடத்திய பதிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான இந்தியர் மனுக் கொடுத்தார்கள் என்பதே, இந்த வியாதி எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சாட்சி. அன்று செக்ரோலும் பதிவேடும் ஆண்ட இடத்தை இன்று கணினிப் பட்டியல் ஆள்கிறது. பட்டியலில் ஏறாத பிள்ளையின் ஸ்திதியில் பெரிய மாறுதல் இல்லை. தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் பள்ளிச் சேர்க்கையின்போதே பத்திரத்தை விசாரித்து, இல்லாதவர்களைப் பதிவு இலாகாவுக்கு அழைத்துப் போவதை ஒரு கடமையாகக் கொண்டால், நூற்றைம்பது ரிங்கிட் அல்ல, பிள்ளையின் ஆயுள் முழுவதற்குமான உரிமை அதனால் கிடைக்கும்.

தோட்டப் பள்ளியின் மண்ணைப் பற்றிச் சொல்வதாக மேலே ஒத்திவைத்தேன். பினாங்கு மாநிலத்தில் இன்று 28 தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. செபராங் பிறைத் தென்பகுதியில் பல பள்ளிகளின் பெயரில் இன்னும் தோட்டத்தின் பெயரே இருக்கிறது, தோட்டத்தில் பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்து, செம்பனை இருந்த இடத்தில் தொழிற்சாலையும் குடியிருப்பும் வந்துவிட்ட பின்னும். பத்து காவானைப் பார்த்தால் போதும். பிள்ளைக்குரிய பணம் பெற்றோரின் கைப்பேசிக்குச் செய்தியாக வந்து சேரும் இந்தக் காலத்திலும், பகுதி உதவி பெறும் பள்ளிக்கு ஒரு புதிய வகுப்பறை கட்ட வேண்டுமானால், நிலம் யாருடையது, அவர் சம்மதம் எழுத்தில் உண்டா என்ற கேள்வியே முதலில் எழுகிறது. மாநில சர்க்கார் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகையும், பொதுமக்கள் திரட்டும் நன்கொடையும் இந்தக் குறையின் ஒரு பகுதியை நிரப்புகின்றன. நூறு வருஷத்துக்கு முன் சர்க்கார் பிள்ளைக்கென்று கொடுத்த பணம் துரையின் ஆபீஸுக்குப் போயிற்று. அந்தப் பணம் இப்போது பிள்ளையிடம் வந்துவிட்டது, அவன் உட்கார்ந்து படிக்கும் கட்டடத்துக்குரிய பணம் மட்டும் நில உடைமையாளரின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறது. மீதமுள்ள பகுதி உதவிப் பள்ளிகளின் நிலத்தைச் சர்க்கார் கையகப்படுத்தியோ விலைகொடுத்தோ பள்ளியின் பெயருக்கு எழுதிக் கொடுத்து, அவற்றை முழு உதவி பெறும் பள்ளிகளாக்க வேண்டும் என்று கேட்கிற பெற்றோரின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. 1957-லேயே செய்து முடித்திருக்க வேண்டிய காரியம் அது.